ஐம்பது குச்சியும் ஆறு சதவீதமும்

எங்கள் அக்காவின் வேலை போகப் பார்த்ததற்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு தாள்தான் காரணம். அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை. கழித்தல், வகுத்தல், பெருக்கல் எல்லாம் சரி. இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கொடுத்தேன்.

எழுபதுகளின் கடைசி. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அந்த அட்டையைப் புதுப்பிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், ஊர்ப்பாதை பிரிகிற விலக்கில் இறங்கி இரண்டு மைல் நடக்கிற கரிசல் ஊர். வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் கிடையாது. அப்பா ஒரு தடவை ஓட்டுப் போடப் போயிருக்கிறார். அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஆபீஸ் என்றதும் வெளியூர்க்காரர்கள் மேஜை நாற்காலியை நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். அக்காவுக்கு அங்கே நாற்காலி கிடையாது. தரையில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிற வேலை. மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளை ஒரு கையில் அள்ளி, அடிப்பெட்டிக்குள் வைத்து, மேல்பெட்டிக்குள் தள்ளி மூட வேண்டும். எண்ணக் கூடாது. எண்ணினால் ஒரு நாளைக்கு நூறு பெட்டிகூடத் தேறாது. ஒரு பிடி அள்ளினால் ஐம்பது. கை அப்படிப் பழகியிருக்க வேண்டும்.

அந்த ஆபீஸ் முதலாளிக்கு வடக்கே ஒரு வியாபாரியிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு பொட்டலமும் வந்தன. பொட்டலத்தில் முதலாளியுடைய சரக்கே ஒரு டஜன் திரும்பி வந்திருந்தது. பன்னிரண்டு பெட்டியில் அறுநூறு குச்சி இருக்க வேண்டும், ஐந்நூற்று அறுபத்து நான்குதான் இருக்கிறது என்று கடிதத்தில் கண்டிருந்தது. முதலாளியும் எண்ணிப் பார்த்தார். ஐந்நூற்று அறுபத்து நான்குதான் இருந்தது. பெட்டி அடைக்கிற இருபத்து நாலு பெண்களில் யார் கை குறைகிறது என்று கண்டுபிடிக்க, எண்ணத் தெரிந்த, வேறு வேலை இல்லாத ஒருவன் அவருக்குத் தேவைப்பட்டான். கணக்கப்பிள்ளை என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆபீசில் ஆட்களை மேய்க்கிறவர் அவர்தான்.

"பி.எஸ்ஸி.யில என்ன படிச்ச?" என்று முதலாளி கேட்டார்.

"பிசிக்ஸ், அண்ணாச்சி."

"அதுல எண்ணுவீகளா?"

"அளப்போம், அண்ணாச்சி. அளந்துட்டு எம்புட்டுத் தப்பா அளந்தோம்னும் கண்டுபிடிப்போம்."

அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு மாதத்துக்கு வா என்றார்.

நான் சொன்னது சதவீதப் பிழையை. கோவில்பட்டிக் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருஷம் ஒவ்வொரு சோதனைக்கும் கடைசியில் அதைப் போட்டிருக்கிறேன். இருக்க வேண்டிய மதிப்பு ஒன்று உண்டு. அது புத்தகத்தில் இருக்கும். நமக்குக் கிடைத்த மதிப்பு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இருக்க வேண்டியதால் வகுத்து நூறால் பெருக்கினால் பிழை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒன்றரை. எனக்கு 1.47 வந்தால் பிழை இரண்டு சதவீதம். 1.53 வந்தாலும் இரண்டு சதவீதம்தான். வித்தியாசத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு நெட்டுக்கோடு போடச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் போனால் கூடுதல் குறைவு எல்லாம் ஒன்றாகிவிடும். கண்ணாடி அதைப் பற்றி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

முதல் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு பெட்டி அடைக்கிற கொட்டகைக்குள் போனேன். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் நின்று, அவர்கள் அடைத்த பெட்டியை உடனே வாங்கி, ஜன்னலோரம் போய் எண்ணினேன். ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஒரு பெட்டி மூடவே இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன், குறைகிறதென்று கடிதம் வந்திருக்கிறது, இங்கே எல்லாருக்கும் கூடுகிறதே என்று.

"ஏலே, நீ நோட்டும் கையுமா தலைமாட்டுல வந்து நின்னா எவ கை சும்மா இருக்கும்? எல்லாவளும் அள்ளி அள்ளி வச்சாளுவ. பெட்டி கிழிஞ்சது ஒனக்குத் தெரியாது."

"நீயுமா?"

"நான் எப்பவும் வைக்கிற மாதிரிதான் வச்சேன்."

மறுநாளிலிருந்து நான் கொட்டகைக்குள் போகவில்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு டோக்கன் நம்பர் உண்டு. அடைத்த பெட்டிகளை டஜன் டஜனாகக் கட்டி, அந்த நம்பர் எழுதின துண்டைச் செருகி வைப்பார்கள். ஒரு கட்டில் ஒருத்தர் அடைத்த பெட்டிதான் இருக்கும். நான் பின்கட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு இருபது பெட்டியை உருவி எண்ணினேன். ஏறக்குறைய இருபத்து நாலாயிரம் குச்சி. ஒன்பது நாள் ஆனது. வீட்டில் நான் தட்டில் கை வைக்கும் முன் அம்மா இரண்டு தடவை கழுவச் சொன்னாள்.

இருபத்து இரண்டு பேர் நாற்பத்து ஒன்பதுக்கும் ஐம்பத்து ஒன்றுக்கும் நடுவில் நின்றார்கள். எண்ணாமல் அள்ளுகிற கை இது. பித்தளையும் கண்ணாடியுமாக ஆய்வகத்தில் நிற்கிற கருவிகளை வைத்துக்கொண்டு நான் அவ்வளவு சுத்தமாக அளந்ததில்லை. மீதி இரண்டு பேரில் ஒன்பதாம் நம்பருக்குச் சராசரி நாற்பத்து ஏழு. பதினேழாம் நம்பருக்கு ஐம்பத்து மூன்று.

பதினேழு எங்கள் அக்கா. அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால் அவள் பெட்டிகளை மட்டும் மூன்று தடவை எண்ணினேன். கூடத்தானே வைக்கிறாள், அதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் தாளில் கூட என்றோ குறைய என்றோ நான் எழுதவில்லை. நீளமாக எழுதாதே, முதலாளி படிக்க மாட்டார் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். அதனால் டோக்கன் நம்பர் ஒரு பத்தி, சதவீதப் பிழை ஒரு பத்தி. பிழை அதிகமானவர்கள் மேலே. ஒன்பது, ஆறு சதவீதம். பதினேழு, ஆறு சதவீதம். அப்புறம் மற்றவர்கள். கீழே கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். விலக்கில் இறங்கி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்பாவிடம்தான் சொன்னாள்.

"திங்கக்கெழமையிலருந்து என்னைய வேண்டாம்னுட்டாவ. என்னையும் ஒம்போதாம் நம்பர் மதினியையும்."

"என்னத்துக்குட்டி?"

"நான் ஆறு வாங்கிருக்கனாம். இவன் தாள்ல."

அப்பா என்னைப் பார்த்தார். "நூத்துக்கு ஆறா?"

"ஆமாப்பா."

"மத்தவளுவ?"

"ஒண்ணு, ரெண்டு. நாலு பேரு பூஜ்யம்."

"அப்ப இவதானலே கூட வாங்கிருக்கா! பூஜ்யம் வாங்குனவள வச்சிக்கிட்டு ஆறு வாங்குனவள விரட்டுதானா அந்த ஆளு?"

இது மார்க்கு இல்லை, பிழை என்று விளக்கினேன். என்ன பிழை என்றார். கூட வைக்கிறாள் என்றேன். கூட வைக்கிறது பிழை என்று எந்த ஊரில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். கோவில்பட்டியில் என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "எல்லாம் அவன் படிச்சிருக்கான்ல, தெரியாமலா எழுதிருப்பான்" என்றாள். அம்மா எனக்குச் சாதகமாகப் பேசினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்கா மட்டும் ஒன்றும் திட்டவில்லை. "நான்தான அவன எழுதப் படிக்க வச்சேன். எழுதத்தான செய்வான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற பெண் என்றுதான் பேச்சே ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போனேன். முதலாளி தன் அறையில் லேபிள் மாதிரிகளைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தாள்ல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பிழைக்குக் குறி போடணும். ஒம்போதுக்கு மைனஸ் ஆறு. பதினேழுக்கு ப்ளஸ் ஆறு."

"அப்படின்னா?"

"ஒம்போது மூணு குச்சி கொறைய வைக்கிதாவ. பதினேழு மூணு குச்சி கூட வைக்கிதா. கடுதாசியில கொறையுதுன்னுதான வந்துருக்கு? பதினேழு மேல தப்பே இல்ல."

அவர் லேபிளைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் இரு. ஒம்போது கொறைச்சு வச்சா யாருக்கு நட்டம்?"

"வாங்குறவங்களுக்கு."

"பதினேழு கூட வச்சா?"

அவரே பதிலும் சொன்னார்.

"எனக்கு. பெட்டிக்கு மூணு குச்சி, என் குச்சிய அவ ஊருக்கு இனாமாக் குடுக்கா. இதச் சொல்லத்தான் முத பஸ்ஸுல வந்தியா? இதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே தப்புன்னு நெனச்சிருந்தேன். இப்பப் பாத்தா பதினேழுதான் பெருசு."

"அது எங்க அக்கா, அண்ணாச்சி."

"தெரியும். அக்கான்னு பாக்காம எழுதிருக்கான் பாருன்னு கணக்கப்பிள்ளைட்டச் சொன்னேன். அதனாலதான ஒன்னைய அடுத்த மாசமும் வச்சிக்கிடலாம்னு இருக்கேன்."

நான் அங்கேயே நின்றேன். அவரும் போகச் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த லேபிள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மயில் படம் ஒன்று, ரயில் என்ஜின் படம் ஒன்று. என்ஜினுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'சராசரி 50 குச்சிகள்' என்று அச்சடித்திருந்தது. சராசரி.

"அண்ணாச்சி, பெட்டிக்கு அம்பதுன்னு நாம எங்கயும் சொல்லல. சராசரி அம்பதுன்னுதான் சொல்லிருக்கோம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு கட்டுல பன்னெண்டு பெட்டியும் ஒரே ஆளுது. அதான் அந்த வியாபாரிக்கு ஒம்போதோட கட்டு முழுசாப் போய் மாட்டிருக்கு. ஒம்போதுட்டருந்து ஆறு பெட்டி, பதினேழுட்டருந்து ஆறு பெட்டி எடுத்துக் கட்டுனோம்னா கட்டுக்கு அறுநூறு. பிழை பூஜ்யம்."

அவர் நம்பவில்லை. இரண்டு பேருடைய பெட்டியிலும் ஆறாறு கொண்டுவரச் சொல்லி, மேஜையில் கொட்டி, நான் எண்ண எண்ண அவர் பத்துப் பத்தாகத் தீக்குச்சி அடுக்கினார். அறுநூற்று ஒன்று.

"இது எத்தன சதவீதம்?"

"புள்ளி ஒண்ணு ஏழு, அண்ணாச்சி."

"ப்ளஸ்ஸா மைனஸா?"

"ப்ளஸ்."

அந்த ஒரு குச்சியை எடுத்துக் காது குடைந்தபடி யோசித்தார். பிறகு சொன்னார்: "சரி, வரச் சொல்லு. ஆனா ஒண்ணு. அவ அம்பத்திமூணுல நிக்கணும், இவ நாப்பத்தேழுல நிக்கணும். எவளாவது நழுவுனா ரெண்டு பேரும் வெளிய. வாரா வாரம் நீ எண்ணிப் பிழை போட்டுக் குடு. குறியோட குடு."

அப்படித்தான் அக்காவின் வேலை மிஞ்சியது. அதற்கு இப்போது ஒரு எண் இருந்தது. இருக்க வேண்டிய மதிப்பு அவளுக்கு ஐம்பத்து மூன்று. ஒன்பதாம் நம்பருக்கு நாற்பத்து ஏழு. புதிதாகத் தாளில் கோடு போட்டு, பத்தி பிரித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நம்பர் நாற்பது வயதுப் பெண். ஆபீசில் எல்லாருக்கும் மதினி. வலது கையில் கடைசி இரண்டு விரலும் நிமிராது. அந்தப் பிடியில் நாற்பத்து ஏழுக்கு மேல் கொள்ளாது. இவர்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு ப்ளஸ் என்றும் மதினிக்கு மைனஸ் என்றும் பெயர் வந்தது.

"ஏட்டி ப்ளஸ்ஸு, ஓம் மைனஸ் தண்ணி குடிக்கப் போயிருக்காவ, நீ அதுவரைக்கும் கைய மடக்கிட்டு உக்காரு."

"மதினி, அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா ஒங்களுக்கு எந்த ஊர்லருந்து ப்ளஸ் பாக்கணும்?"

"போற எடத்துல மாப்பிள மைனஸா இருந்தா எல்லாம் சரியாப் போயிரும்" என்று மதினியே சொல்வாள்.

நான் வாரா வாரம் எண்ணினேன். அக்கா ஐம்பத்து மூன்றைவிட்டு அசையவே இல்லை. மதினியும் நின்றாள். இரண்டு மாதம் இரண்டு பேருக்கும் பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மதினிக்குக் காய்ச்சல், வரவில்லை. நாங்கள் ஆபீஸ் வாசலுக்குப் போனபோது கணக்கப்பிள்ளை அக்காவைத் தடுத்தார்.

"ஒம் மைனஸ் வரலம்மா. நீ மட்டும் அடைச்சா கட்டுல கூடும். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா."

"பஸ்ஸு மத்தியானம்தான் இருக்கு, அண்ணாச்சி."

"அதுக்கு நான் என்ன செய்ய? சட்டம் ஒன் தம்பி போட்டது."

என்னைப் பார்க்காமல் அவள் உள்ளே போனாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பெட்டி அடைத்தாள், எப்போதும் போல வேகமாக, பக்கத்தில் இருந்தவளிடம் சீரகம் இல்லாமல் வைத்த ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே. அந்தப் பன்னிரண்டையும் மடியில் அள்ளி வந்து என் முன்னால் கொட்டினாள்.

"எண்ணுலே."

எண்ணினேன். ஐம்பது. ஐம்பது. நாற்பத்து ஒன்பது. ஐம்பத்து ஒன்று. ஐம்பது. மொத்தம் அறுநூறு. கணக்கப்பிள்ளையும் ஒரு தடவை எண்ணிவிட்டு, அவளை உள்ளே வேலைக்குப் போக விட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "ஒனக்கு அம்பது வைக்கத் தெரியுமாக்கா?"

"பதிமூணு வருசமா என்ன செய்யுதேன்னு நெனச்ச?"

"பெறகு ஏன் அம்பத்திமூணு வச்ச?"

"நீ கேக்கலயே. எண்ணத்தான செஞ்ச." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "அம்பது வச்சா பெட்டிக்குள்ள எடம் கெடக்கும். தூக்கிப் போடும்போது குச்சி ஒண்ணோட ஒண்ணு உரசும். மதினிக்கு அப்படித்தான பெட்டி கைக்குள்ளயே பத்தி ரெண்டு வெரலும் மடங்கிப்போச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அதுக்குப் பெறகு ஆட்டுனா சத்தம் வராத அளவுக்கு வைப்பேன். அது எத்தனன்னு எனக்குத் தெரியாது. நீ எண்ணி அம்பத்திமூணுன்ன."

"இத முதல்லயே மொதலாளிட்டச் சொல்லிருக்கலாம்லா."

"நாலு குச்சி மிச்சம் புடிக்கிற ஆளுட்டயா?"

பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது அவளுக்கு மட்டும். நான் நின்றுகொண்டே யோசித்தேன். அவளுக்கு ஐம்பது வரும் என்று முதலாளிக்குத் தெரிந்தால் பிறகு ஐம்பதுதான் வைக்கச் சொல்வார். மதினியுடைய நாற்பத்து ஏழுக்கு ஜோடி இருக்காது. இரண்டு பேரும் வெளியே என்று சொன்னவர் அவர். அந்தத் திங்கட்கிழமையைத் தாளில் எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விலக்கில் இறங்கி நடக்கும்போது அக்காவிடமே கேட்டேன்.

"வந்தத எழுது" என்றாள். "விட்டுட்டு, கணக்கப்பிள்ளை சொல்லிட்டாருன்னா ஓம் வேலையும் போவும். ஒரு வீட்டுல எத்தன பேருக்குத்தான் மாப்பிள தேட?"

சனிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போனேன். திங்கட்கிழமை: இருக்க வேண்டியது ஐம்பத்து மூன்று, இருந்தது ஐம்பது. மூன்றை ஐம்பத்து மூன்றால் வகுத்து நூறால் பெருக்கி, குறியும் போட்டு எழுதியிருந்தேன்: மைனஸ் 5.66. இரண்டு மாதத்தில் அந்தத் தாளில் வந்த மிகப் பெரிய பிழை அது.

முதலாளி எப்போதும் போல குச்சி எண்ணிக்கை இருந்த பத்திகளைப் பார்க்காமல், பிழை போட்டிருந்த கடைசிப் பத்திக்குப் போனார். விரல் திங்கட்கிழமையில் நின்றது.

"என்னலே இது, ஒங்க அக்காவுக்கு அஞ்சரைக்கு மேல போயிருக்கு?"

"ஆமா, அண்ணாச்சி."

"என்ன ஆச்சு அன்னிக்கி? ஒடம்பு சரியில்லயா?"

"மதினி வரல, அண்ணாச்சி. தனியா இருந்தா."

"அதான் பாத்தேன். தனியா இருந்தா கை தடுமாறத்தான் செய்யும்." தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "ரெண்டு மாசமா நல்லாச் செஞ்சிருக்கா, அதனால இந்தத் தடவ விடுதேன். அடுத்து இப்படிப் பிழை வரக் கூடாதுன்னு சொல்லிரு."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். கொட்டகையில் மதினி வந்திருந்தாள். அக்கா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அடைத்த ஒரு பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் பிழை வரக் கூடாதென்று முதலாளி சொல்லச் சொன்னார் என்றேன்.

"வராதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.